ஒற்றைச்சிறகியைத் திருப்பிக் கேட்டவள்

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெடிக்கலில் வேலை முடித்து ரஞ்சிதா வீடு வந்தபோது, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் ஒற்றைச்சிறகி உருவத்தைக் காணோம். அவள் நிற்கும் கறுப்புப் பீடம் மட்டும் தனியே கிடந்தது.

"அத்தை, இங்க இருந்தத யாரு எடுத்தா?"

அடுப்படியிலிருந்து மாமியார் மருதாயி எட்டிப் பார்த்தார். "வனிதா வந்திருந்தா, காதுகுத்துப் பத்திரிக வைக்க. சந்தோஷ் அதக் கேட்டு ஒரே அழுக. எடுத்துக் குடுத்துட்டேன். பொம்மதானே ஆத்தா?"

வனிதா ரஞ்சிதாவின் நாத்தனார். சந்தோஷ் அவளுடைய நாலு வயது மகன். வரும் ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோயிலில் அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வெற்றிசெல்வன் குவைத்தில் இருப்பதால், சீர் கொண்டுபோய் நிற்க வேண்டியவள் அவன் மனைவி ரஞ்சிதாதான்.

ரஞ்சிதா அலமாரிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மிச்சம் நான்கு உருவங்கள் நின்றன. உப்பரசனும் நின்றான். படத்தில் அவன் வில்லன்தான், ஆனாலும் அவன் இல்லாமல் கதை ஏது?

கல்யாணமான புதிதில், வெற்றிசெல்வன் குவைத்துக்குத் திரும்பிய வாரத்தில், தூக்கம் வராமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவள் தற்செயலாகப் பார்த்த படம்தான் ஒற்றைச்சிறகியின் கதை. ஒரே ஒரு சிறகோடு பிறந்த ஒருத்தி. நேராகப் பறக்க முடியாது, சுற்றிச் சுற்றித்தான் பறக்க முடியும். அந்தச் சுழற்சியையே அவள் சண்டைக்கு ஆயுதமாக்கிக்கொள்கிறாள். முதல் சண்டை முடிந்தபோது ரஞ்சிதா படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அந்த வரிசையில் வந்த எல்லாப் படங்களையும் தமிழ்க் குரலில் ஒருமுறையும் மூல மொழியில் ஒருமுறையும் பார்த்தாள். மூன்றாம் பாகத்தின் முடிவு சரியா தப்பா என்று முகம் தெரியாத ஆட்களோடு வாட்ஸப் குழுவில் சண்டை போட்டாள். வெற்றிசெல்வனுக்கும் பித்துப் பிடித்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அங்கே அவனும் இங்கே அவளுமாக ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுவார்கள்.

ஆனால் படத்தில் வருகிறவர்களின் உருவங்களை வாங்கிச் சேர்த்தது அவள் மட்டும்தான். ஒற்றைச்சிறகி ஒரு சாண் உயரம். செம்பு நிறச் சிறகு தோளில் திரும்பும், விரியும். மெல்லிய பிரஷ் கொண்டு அதன் இறகிடுக்குகளைத் துடைப்பது ரஞ்சிதாவுக்கு அத்தனை பிடித்த வேலை.

அவள் வனிதாவுக்குப் போன் போட்டாள்.

"வனிதா, அந்தச் செறகு வெச்சதக் காதுகுத்துக்கு வரும்போது எடுத்துட்டு வந்துரு. மருமகனுக்கு நான் வேற நல்லதா வாங்கியாரேன்."

"ஒரு பொம்மைக்கா அண்ணி போன் பண்றீங்க?" வனிதா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சீர்த்தட்டுகளோடு பங்காளி வீட்டுப் பெண்கள் வர, ரஞ்சிதா முன்னால் நடந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. பட்டுச்சட்டை, கடுக்கன், பழம், பூ எல்லாம் இருந்தன. தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், மண்குதிரையின் காலடியில் சந்தோஷ் உட்கார்ந்திருக்கிறான். ஒற்றைச்சிறகியைத் தலைகீழாகப் பிடித்து, அவள் சிறகால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறான்.

ரஞ்சிதா அவன் பக்கத்தில் குந்தி, பையிலிருந்து மஞ்சள் நிற ஜேசிபி பொம்மையை எடுத்தாள்.

"இது மண்ணு அள்ளுமா அத்தை?"

"அள்ளும் மருமகனே. அதுக்குன்னே செஞ்சது."

அவன் ஒற்றைச்சிறகியைக் கீழே போட்டுவிட்டு ஜேசிபியை வாங்கிக்கொண்டான். அதோடு வியாபாரம் முடிந்தது. அவள் உருவத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். சிறகு தோளோடு சேரும் இடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது.

"அண்ணி! புள்ள கையிலருந்து புடுங்குறீங்களா?" வனிதாவின் சத்தத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது. சந்தோஷ் மட்டும் திரும்பவில்லை, அவன் மண் அள்ளிக்கொண்டிருந்தான்.

"புடுங்கல வனிதா. மாத்திக்கிட்டோம். இது என்னோடது."

கூட்டம் கூடிவிட்டது. வெற்றிசெல்வனின் பெரியப்பா ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார். "ஏத்தா, சீர் கொண்டாந்த கையாலயே குடுத்தத வாங்குறது தாய்மாமன் வீட்டுக்கு அழகா?"

"நான் குடுக்கல மாமா. குடுத்திருந்தா திருப்பிக் கேக்க மாட்டேன். சீர்ல கொற இருந்தாச் சொல்லுங்க, இப்பவே சரி பண்றேன். இது சீர் இல்ல."

வனிதாவின் புருசன் சோலையப்பன் கையில் போன் இருந்தது. காதுகுத்தைப் பார்ப்பதற்காக வீடியோ காலில் வெற்றிசெல்வன் காத்திருந்தான். சோலையப்பன் போனை ரஞ்சிதா பக்கம் திருப்பினான். "பாருங்க மச்சான், ஒங்க வீட்டம்மா பொம்ம வெச்சு வெளையாடுறாங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

திரையில் வெற்றிசெல்வன் முகம் சுருங்கியது. "ரஞ்சி... விட்டுரு. வேற வாங்கிக்கலாம்."

அவள் போனைப் பார்த்தாள், ஒற்றைச்சிறகியை விடவில்லை.

அப்போதுதான் மருதாயி குறுக்கே வந்தார். "விடுங்கய்யா! மடியில ஒண்ணு இல்லாத ஏக்கம் அவளுக்கு. அதத்தான் புள்ளையா நெனச்சுத் தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கா. இருந்துட்டுப் போகட்டும்."

சிரித்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வனிதாவுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாது அண்ணி. நீங்களே வெச்சுக்கங்க."

ரஞ்சிதா அப்போது தலையைக் குனிந்து மூக்கை உறிஞ்சியிருந்தால் போதும். பொருளும் கிடைத்திருக்கும், பேரும் கெட்டிருக்காது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டால், இனி அந்த அலமாரியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தன் வயிற்றைத்தான் பார்ப்பார்கள் என்பதும் தெரிந்தது.

"அத்தை, நல்ல மனசுலதான் சொல்றீங்க. ஆனா அது பொய்."

"ஏய், சும்மா இருத்தா..."

"புள்ள வேணுங்கிறது வேற. அதுக்கு ஒங்க மகன் லீவு போட்டு வரணும், டாக்டரப் பாக்கணும், பாத்துக்குவோம். இது வேற. எனக்கு இந்தப் படம் புடிக்கும், இவளப் புடிக்கும். என் சம்பளத்துல வாங்குனேன். நாளைக்கு நாலு புள்ள பொறந்தாலும் இவ அந்த அலமாரியிலதான் நிப்பா. அதுகளும் கேட்டுட்டுத்தான் தொடணும்."

"வயசுக்கு ஏத்த பேச்சா இது?" ஆண்டியப்பனுக்குக் கோபம் திரும்பிவிட்டது.

"மாமா, ஒங்க வாசல்ல ரெண்டு காள நிக்குது. ஏர் உழவா, வண்டி இழுக்கவா? தெனம் குளிப்பாட்டுறீங்க, பருத்திக்கொட்ட வைக்கிறீங்க, வாடிவாசல்ல அது நின்னு வெளையாடுனா ஒங்களுக்கு மாருல முடி நட்டுக்குது. யாராவது ஒங்ககிட்ட என்ன ஏக்கம்னு கேட்டாகளா?"

"காளையும் இந்தப் பிளாஸ்டிக்கும் ஒண்ணாடி? காள சாமி!"

"ஒங்களுக்கு, மாமா."

கூட்டத்தின் பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே இருமினாள். காது குத்த வந்த ஆசாரிதான் பொறுமை இழந்து கூப்பிட்டார்: "நல்ல நேரம் போகுதுங்க. அப்புறம் என்னையக் கொற சொல்லாதீங்க."

சந்தோஷ் ஜேசிபியைக் கட்டிப்பிடித்தபடியே அலறி, காது குத்திக்கொண்டான். பந்தியில் ரஞ்சிதாவின் இருபுறத்து இலைகளும் காலியாகவே கிடந்தன. அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். பாயசம் வந்தபோது இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். கைப்பைக்குள் ஒற்றைச்சிறகி துணியில் சுற்றிக் கிடந்தாள்.

சாயங்காலம் வெற்றிசெல்வன் கூப்பிட்டான்.

"எல்லாரும் பாக்க பெரியப்பாவ அப்புடிப் பேசலாமா ரஞ்சி? நான் என்னதான் சொல்லியிருக்கணுங்கிற?"

"எனக்கும் புடிக்கும்னு சொல்லியிருக்கலாம்ல."

அவன் மெதுவாகச் சொன்னான்: "ரூம்ல பயலுக கேலி பண்ணுவாய்ங்கன்னு இங்கயே ஹெட்போன் மாட்டிப் போர்வைக்குள்ளதான் பாக்குறேன்."

"அது ஒங்க இஷ்டம். நான் இனிமே சத்தமாத்தான் பாப்பேன்."

சொன்னபடியே செய்தாள். முன்னறை டிவியில் உப்பரசனின் கோட்டை இடிந்து விழும் சத்தத்துக்குத் தெருநாய்கள் குரைத்தன. மருதாயி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் தாங்காமல், "ஒன்னயக் காப்பாத்தத்தானே அப்புடிச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டார்.

"தெரியும் அத்தை. காப்பாத்த வேணாம். என் பக்கத்துல சும்மா நின்னிருந்தாப் போதும்."

மருதாயி முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வனிதாவிடமிருந்து அந்த மாதம் முழுக்கப் போன் வரவில்லை. ஆனால் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு காலையில் வெற்றிசெல்வன் ஒரு படம் போட்டிருந்தான். குவைத்துக் கடையொன்றில் ஆளுயர உப்பரசன் சிலைக்குத் தோளில் கைபோட்டு, பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தான். கீழே, 'எனக்குப் பிடித்தவன்' என்று எழுதியிருந்தான். பெரியப்பா பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது.

அதுவரை ரஞ்சிதா தனக்கு வரும் பார்சல்களை மெடிக்கல் விலாசத்துக்கே வரவழைப்பாள். பெட்டிமேல் அச்சிட்டிருப்பதைப் படித்து, "ஃபிகர் வந்திருக்கும்மா" என்று முதலாளி நாகராசு கண்ணடித்துக் கேலி செய்வதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஊருக்குள் பெட்டி வந்தால் நாலு கேள்வி வருமே என்ற பயம். இந்த முறை வீட்டு விலாசம் கொடுத்தாள்.

கூரியர்காரர் வண்டியை நிறுத்தி அவள் பேரை உரக்கக் கூப்பிட்டபோது, எதிர்வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் செங்கமலம் கேட்டாள்: "என்ன ரஞ்சிதா, அதுதானா?"

"அதுதான் அக்கா. புதுசு. நாலாம் பாகத்துல வாரவ."

பெட்டியை உள்ளே தூக்கிப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து, பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்தாள்.