மூன்று பேருக்கும் ஒரே கடவுச்சொல்

லிஃப்ட் மெக்கானிக்கின் பையில் ஒரு முக்கோணச் சாவி உண்டு. எந்தக் கட்டடமானாலும் எந்த மாடியானாலும் லிஃப்ட் கதவை அது திறந்துவிடும். இருபத்தெட்டு வருடம் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் ஏறி இறங்கியவருக்கு, பூட்டுக்கொரு சாவி என்பது வேலையற்றவர்கள் பார்க்கிற வேலையாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. வீட்டில் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி. கடவுச்சொல், மகளின் செல்லப்பெயரும் அவள் பிறந்த வருடமும். ரயில் டிக்கெட், மருந்துக்கடை, மின்கட்டணம் என்று எங்கே பதிவு செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதையே தட்டுவார்.

"தனித்தனியா வச்சுக்கலாம்பா," என்று பொடிசு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பொடிசு என்றால் குழந்தை இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண்; வீட்டில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

பொடிசு செயற்கைக் கால் செய்யும் பயிற்சியில் சேர இரண்டு வருடமாக முட்டி மோதிக்கொண்டிருந்தாள். மொத்தமே பன்னிரண்டு இடம். இருபத்தைந்து தாண்டினால் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். இந்த முறை அவள் செய்துகாட்டிய முழங்கால் மூட்டைத் தேர்வாளர்கள் மாற்றி மாற்றி மடக்கிப் பார்த்தார்களாம். தேர்வானால் வியாழக்கிழமை மின்னஞ்சல் வரும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் அதிலிருக்கும் இணைப்பை அழுத்தி உறுதி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் ஒரு பழைய லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதன் மின்சுற்று வரைபடம் கைவசம் இல்லை. தேடியதில், பதிவு செய்தால் இலவசம் என்று ஏதோ ஒரு தளம் பல்லைக் காட்டியது. மின்னஞ்சல் கேட்டது, கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது, வழக்கமானதையே கொடுத்தார். அந்தத் தளத்துக்கென்று புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. வரைபடம் வந்தது. லிஃப்டும் ஓடியது. சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வியாழன் காலை மின்னஞ்சல் திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்றது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால், அவருக்குத் தெரியாத ஒரு தொலைபேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்பியதாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை அந்தத் தளத்தில் கொடுத்த கடவுச்சொல்லை வைத்து யாரோ உள்ளே புகுந்து பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று புரிந்தது. ஆனால் வாயைத் திறந்தாரா? இல்லை. நெட்வொர்க் சரியில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுக்க லிஃப்ட் அறையில் உட்கார்ந்து தனியாகவே முட்டிக்கொண்டார். ஒளிவு மறைவு இல்லாத வீடு!

வெள்ளிக்கிழமை மதியம் பொடிசு தன் போனில் திறந்து பார்த்தபோது குட்டு உடைந்தது. அவள் உடனே பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டு, அம்மாவும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"உங்க பேரு இருக்கும்மா. நேத்தே மெயில் போயிடுச்சே," என்றார் அலுவலகப் பெண்.

"அந்த மெயில யாரோ பிடிச்சுக்கிட்டாங்க மேடம். வேற முகவரிக்கு அனுப்ப முடியுமா?"

"முகவரிய மாத்தணும்னா பழைய முகவரியிலேர்ந்துதான் எழுதிக் கேக்கணும். போன்ல நான்தான்னு யாரு வேணா சொல்லலாமேம்மா."

"நேர்ல வந்தா?"

"அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க."

பேருந்தில் பத்து மணி நேரம். அப்போது மணி இரண்டரை.

சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக் போனைப் பிடுங்கிக்கொண்டு கெஞ்சினார், அதட்டினார், மறுபடியும் கெஞ்சினார். அலுவலகப் பெண் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில் வந்தது. ஐந்து மணி வரைக்கும் மூன்று பேரும் வீட்டின் சின்ன அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தே காலுக்கு அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

திங்கட்கிழமை மறுபடி கேட்டதில், அடுத்து இருந்தவருக்கு இடம் போய்விட்டது என்றார்கள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா," என்றார் மெக்கானிக்.

"அடுத்த வருஷம் எனக்கு இருபத்தாறுப்பா."

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாவது தீர்த்திருப்பார்.

சாயங்காலம் பொடிசு தனக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கினாள். துணிக்கடை ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம், அதற்கு விண்ணப்பிக்க. ஏதாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில் அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தது. பொடிசு அவரைப் பார்க்காமல் மெல்லத் தோளைத் திருப்பி, போனைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அவள் செய்ததுதான் சரி. அவருக்கும் அது தெரிந்தது. எழுந்துபோய் வாசல் படியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.