ஒரு விரலுக்கு நகரும் தாழ்

கதவைப் போட்டது என் கணவர். பால்கனிக்குப் போகும் தள்ளுகதவு, இரண்டு அடுக்குக் கண்ணாடி. கீழே லாரிகள் திரும்பும் தெரு. சின்னவன் பிறந்ததும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் வரக் கூடாது என்றேன். வராமல் செய்தார். கதவை மூடினால் லாரி சத்தமில்லாத படம்போல ஓடும்.

அவர் தொழிலே அதுதான். அலுமினியக் கதவு, ஜன்னல். எந்த வீட்டில் வேலை முடித்தாலும் கருவிகளைப் பையில் வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வார். அந்த வீட்டிலேயே பலம் குறைந்த கை யாருடையதோ அவரை அழைத்துத் தாழைப் போடச் சொல்வார். மூட்டு வலிக்காரர், கையில் கட்டுப் போட்டவர், படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர். அந்தக் கைக்குத் தாழ் நகர்ந்தால்தான் வேலை முடிந்தது. நகராவிட்டால் மறுபடி கழற்றுவார்.

எங்கள் வீட்டில் அது பெரியவளின் கை. அவளுக்கு இரண்டே கால் வயது. சின்னவனுக்கு அப்போது நான்கு மாதம். அவன் கணக்கில் வரமாட்டான்.

அவளைக் கதவின் முன் நிற்கவைத்தார். ஒரு விரலால் தாழைக் கீழே அழுத்தச் சொன்னார். டக்.

"சபாஷ்டி என் ராஜாத்தி!"

கைதட்டினார். நானும் தட்டினேன். அவளும் தட்டினாள். எட்டு முறை பூட்டினாள், ஒவ்வொரு முறையும் அவர் திறந்துவிட்டார். திறப்பதற்குத் தாழை மேலே நெம்பவேண்டும். அதை அவளைச் செய்யச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலை பதினொரு மணிக்கு, ஈரத் துணி வாளியோடு பால்கனிக்குப் போனேன். காற்று பலமாக இருந்தது. தூங்குகிறவன் மேல் படக் கூடாது என்று கதவை இழுத்து மூடினேன். முதல் துணியை உதறிவிட்டுத் திரும்பினேன். பெரியவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கதவை இழுத்தேன். வரவில்லை.

கண்ணாடிக்கு நேரே கட்டில். அடியில் இழுப்பறைகள் வைத்த, என் இடுப்புவரை வரும் கட்டில். அதில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் நான் வைத்த தலையணை. கீழே வெறும் தரை. திங்கட்கிழமைதான் அவன் முதல் முறையாகக் குப்புறக் கவிழ்ந்தான். அன்றும் கைதட்டினோம். இன்று வெள்ளி. இப்போதெல்லாம் கவிழ்ந்ததோடு நிற்பதில்லை. மல்லாந்து, மறுபடி கவிழ்ந்து, உருண்டு போய்க்கொண்டே இருக்கிறான். விழித்ததும் அதுதான் முதல் வேலை.

போன் அடுப்படி மேடையில் இருந்தது. சாவி முன்கதவுப் பக்கத்து ஆணியில். முன்கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். அதன் பிடி பெரியவளுக்கு எட்டாது.

குனிந்து அவள் முகத்துக்கு நேரே வந்தேன். தாழைக் காட்டினேன். விரலை மேலே தூக்கிக் காட்டினேன். அவள் தன் விரலை மேலே தூக்கினாள். சிரித்தாள். பிறகு தாழைப் பிடித்து, ஏற்கெனவே கீழே இருந்ததை இன்னும் கீழே அழுத்தினாள். கைதட்டினாள்.

"மேல! மேல தள்ளு, கண்ணு!"

அவள் காதில் ஒன்றும் விழவில்லை. என் வாய் திறந்து மூடுவதைப் பார்த்து அவளும் வாயைத் திறந்து மூடினாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பஸ் டிரைவர் தனியாக இருந்தார். கடைசி வண்டியை ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குபவர். சின்னவன் அழுதால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் டொக்டொக். ஐந்து மாதத்தில் அவரோடு எங்களுக்கு இருந்த பேச்சுவார்த்தை அந்தத் தட்டு மட்டும்தான்.

இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே மார்பளவுச் சுவர். அதன் மேலாகச் சாய்ந்து, அவர் ஜன்னலில் துணி மாட்டும் கொம்பால் தட்டினேன். மூன்று முறை அல்ல, முப்பது முறை.

"யாருங்க அது? மனுஷன் ஒரு மணி நேரம் கண்ணசரக் கூடாதா?"

"அண்ணா, பக்கத்து வீடு. வெளியில மாட்டிக்கிட்டேன். உள்ள ரெண்டு பிள்ளைங்க தனியா இருக்கு."

கலைந்த தலையும் பனியனுமாக வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம்.

"யாரு பூட்டுனது?"

"பொண்ணு."

"அவளையே தொறக்கச் சொல்லு."

"பூட்ட மட்டும்தான் தெரியும்."

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க." போனை எடுத்தார். "வீட்டுக்காரர் நம்பரச் சொல்லு."

எனக்கு நம்பர் தெரியாது. ஆறு வருஷமாக என் போனில் அது 'கதவு' என்ற பெயரில் இருக்கிறது. பெயரைத் தொடுவேன், அவர் எடுப்பார். அப்போது கண்ணாடியின் கீழ் மூலை கண்ணில் பட்டது. தான் போடும் எல்லாக் கதவிலும் அவர் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர். 'கதவில் குறையா? கூப்பிடுங்கள்.' கீழே நம்பர். வாசித்தேன். டிரைவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க சார்," என்றார் என் கணவர். பின்னால் துளையிடும் இயந்திரம் இரைந்தது. "கதவா, ஜன்னலா?"

"கதவு."

"மூடலையா, தொறக்கலையா?"

"தொறக்கல. உள்ள ஒரு பொண்ணு, ஒரு கைக்குழந்தை. வெளிய உன் சம்சாரம்."

இயந்திரம் நின்றது.

"இருபது நிமிஷம்ணே. இதோ வந்துட்டேன்."

"அதுக்குள்ள முன்கதவ இடிச்சுத் தள்ளிடட்டுமா?"

"முடியாதுண்ணே." அவர் குரல் இறங்கியது. "அதுவும் நான் போட்டதுதான்."

டிரைவர் என்னைப் பார்த்தார். "வேலை தெரியாத ஆளாப் பாத்துக் கட்டியிருக்கலாம்ல நீ?"

கண்ணாடியை உடைக்கச் சுத்தியல் கொண்டுவந்து நீட்டினார். பெரியவள் நெற்றியையும் மூக்கையும் கண்ணாடியில் ஒட்டிவைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரச் சொல்லிக் கை அசைத்தேன். அவளும் கை அசைத்தாள். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சுவரைத் தாண்டி இந்தப் பக்கமாவது வந்து உக்காரும்மா. கீழ பாத்தா எனக்கே தலை சுத்துது."

"அங்க வந்தா கட்டில் தெரியாதுண்ணா."



அப்போது சின்னவனின் கால் அசைந்தது. முதலில் ஒரு கால், பிறகு இரண்டும். தலையணையை உதைத்தான். மறுபடி உதைத்தான். அது நழுவிக் கட்டிலின் கால்மாட்டில் தரையில் விழுந்தது. அவன் விழுந்தால் விழக்கூடிய இடத்தில் அல்ல. கண் திறந்தான். கவிழ்ந்தான். தலையைத் தூக்கி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான்.

சுவரிலிருந்து விளிம்புக்கு நான்கு சாண். அதில் ஒரு சாணை முடித்துவிட்டான்.

"பாப்பாவ தம்பிகிட்டப் போகச் சொல்லும்மா," என்றார் டிரைவர். "பக்கத்துல நின்னா போதும்."

போகமாட்டாள். அது எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவனைக் கிள்ளினாள், கண்ணில் விரல் விட்டாள். நானும் அந்த நாளிலிருந்து தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாளில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். போன வாரம் அவள் கையில் ஒரு அடியும் போட்டேன். அதற்குப் பிறகு அவள் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நிற்கிறாள். என் பேச்சை அவள் முழுதாகக் கேட்டது அது ஒன்றில்தான்.

இருந்தும் கட்டிலைக் காட்டினேன். போ என்றேன். இரண்டு கையாலும் தள்ளிக் காட்டினேன்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நல்ல பிள்ளையாகத் தலையாட்டி மறுத்தாள்.

சின்னவன் மல்லாந்தான். இரண்டு சாண்.

விரலைத் தூக்கினால் விரலைத் தூக்குகிறாள். வாயைத் திறந்தால் வாயைத் திறக்கிறாள். நான் சொல்வதைத்தான் செய்யமாட்டாள். நான் செய்வதைச் செய்கிறாள்.

பால்கனித் தரையில் படுத்தேன். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகில் ஊறியது. ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, மறு கையால் காற்றில் யாரையோ தட்டிக்கொடுத்தேன்.

"ஏம்மா! ஏம்மா, மயக்கமா?" டிரைவர் பாதி சுவரில் ஏறிவிட்டார்.

"இல்லண்ணா. பேசாதீங்க."

பெரியவள் தன் பக்கத் தரையில் படுத்தாள். ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து. காற்றைத் தட்டினாள். எழுந்தேன். எழுந்தாள். கட்டிலைக் காட்டினேன். மறுபடி படுத்தேன். மறுபடி எழுந்து கட்டிலைக் காட்டினேன்.

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நாக்கு வெளியே வரும். வந்தது.

பிறகு நடந்துபோய் அடி இழுப்பறையை இழுத்தாள். அதில் கால் வைத்து, விரிப்பைப் பற்றி, வயிறு தேய ஏறினாள். விரிப்போடு சின்னவனும் ஒரு விரல்கடை இழுபட்டு விளிம்புப் பக்கம் வந்தான். அவள் எழுந்து நின்றாள். அவன் விரல்களுக்கும் அவள் குதிகாலுக்கும் நடுவே இடமே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையில் படுத்தேன்.

அவளும் படுத்தாள். விளிம்பில், நான் படுக்கும் இடத்தில், நான் படுப்பதுபோல. விழுந்தால் இனி அவள்தான் விழவேண்டும். அவளுக்கு விழத் தெரியும்.

சின்னவன் கவிழ்ந்தான். அவள் வயிற்றில் முட்டினான். நின்றான். அவள் அவன் முதுகில் தட்டினாள். கொஞ்சம் பலமாகத்தான்.

நான் தலையைத் தூக்கினால் அவளும் தூக்கினாள். அதனால் தூக்கவில்லை. ஈரத் தரையில் கிடந்து, இல்லாத குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அவ்வப்போது தோளுக்கு மேலாகத் திரும்பி நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்று சரிபார்த்தாள்.

சுவருக்கு மேலிருந்து டிரைவர் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்நேரம் பாலம் தாண்டியிருப்பான். அந்த ரூட்டு எனக்குத் தெரியும்... சிக்னல்ல நிக்கிறான். நிக்கட்டும், ஒன்றரை நிமிஷம்தான்... இப்ப பள்ளிக்கூடம்... நீ தட்டும்மா, நீ தட்டு. நான் பாத்துக்கறேன்."

என் கணவர் உள்ளே வந்ததை நான் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகக் கண்டேன். கையில் அவரிடம் இருக்கும் இன்னொரு சாவி, முழங்கைவரை வெள்ளைத் தூசி. நேராகக் கட்டிலுக்கு ஓடினார். குனிந்தார். இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்தார். பிறகு வந்து தாழை மேலே நெம்பினார். கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகம் கோணியது.

"அப்புறம்," என்றேன்.

கட்டிலுக்குப் போனேன். சின்னவன் அக்காவின் சட்டைக் கையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். பெரியவள் என்னைக் கண்டதும் தட்டிக்கொண்டிருந்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"தொடல," என்றாள். "பாப்பா தொடல."

தரையில் உட்கார்ந்தேன். மறைத்த கையைத் தேடி எடுத்தேன். போன வாரம் அடித்த கை அதுதானா, மற்றதா என்று தெரியவில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

"தொடலாம், கண்ணு. தொடு."

அவள் நம்பவில்லை. ஒரு விரலை மட்டும் நீட்டி அவன் கன்னத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். அவன் அந்த விரலையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டான்.

முன்கதவில் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. டிரைவர், சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தூசியெல்லாம் அவர் சட்டையில் ஒட்டியது. நான் சின்னவனைத் தூக்கி டிரைவர் கையில் கொடுத்தேன்.

"இவன்தானா அந்தத் தொண்டை?" என்றார். பிடிக்கத் தெரியாமல், ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு பக்கமும் பிடித்திருந்தார். "ஏன்டா, பகல்ல என்னை ஒரு நாளாவது தூங்கவிட்டிருக்கியா நீ?"

சின்னவன் அவர் மூக்கைப் பிடித்தான்.

"நான் என்னம்மா பண்ணேன்," என்றார் என்னிடம், மூக்கை மீட்காமலே. "போன் போட்டேன், அவ்வளவுதான். பண்ணதெல்லாம் அவ." பெரியவள் பக்கம் தலையை அசைத்தார். "பெரிய ஆளு. எங்க டிப்போவுலகூட இப்படி ஒருத்தன் கெடையாது."

அவர் போனதும் என் கணவர் கதவின் முன் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாழைக் கழற்றத் தொடங்கினார். திருகாணி இரண்டு முறை உருண்டு ஓடியது. பெரியவள் எடுத்துவந்து கொடுத்தாள்.

பிறகு என்னிடம் வந்தாள்.

"தண்ணி."

எழுந்துபோய்க் கொண்டுவந்தேன். ஒரு மடக்குக் குடித்தாள். மீதியைக் கட்டிலில் கொட்டினாள். விரிப்பு நனைந்தது. டம்ளரை நீட்டினாள்.

"இன்னும்."

எழுந்துபோய் இன்னும் கொண்டுவந்தேன்.