அன்ஃபிட் ஆனவர்களின் கப்பல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷம், ஆடி மாசத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கம்பைநல்லூர் டாக்கீஸில் மேட்னி ஆட்டத்துக்கு உள்ளே போனவர்கள் நூற்றுப் பதினாறு பேர். ஆட்டம் விட்டு வெளியே வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். உட்கார்ந்திருந்த விவரம் வருமாறு. தரை, ஆண்கள் பக்கம் எழுபது பேர். அதில் தூணை ஒட்டி மாது, அவனுக்குப் பின்னால் ஒரு காலை நீட்டி நூர் பாஷா. தரை, பெண்கள் பக்கம் இருபத்தொரு பேர். யார் மேலும் படாமல் சுவரோரமாகக் குள்ளம்மாள். பெஞ்சில் பதினேழு பேர், நடுவில் தீர்த்தகிரி. நாற்காலியில் எட்டுப் பேர். இடமிருந்து நாலாவதில் மனு எழுதும் சென்னப்பன், ஐந்தாவதில் அவர் மனைவி நஞ்சம்மாள். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மைக்கோடு அப்துல் ரஷீத். அவர் டாக்கீஸ் ஆள் என்பதால் எண்ணிக்கையில் வரமாட்டார். இந்தப் பட்டியலை மூன்றாம் நாள் எழுதியது சென்னப்பன்தான். தன் பெயரையும் அதில் ஒழுங்காக எழுதினார்.

படம் வெளிநாட்டுப் படம். சேலத்துக் கம்பெனியிலிருந்து பெட்டி ரயிலில் மொரப்பூருக்கு வந்து, அங்கிருந்து பஸ் மேலே ஏறி வந்தது. இங்கிலீஷ் படம் போட்டால் ரஷீத் மைக்கில் கதை சொல்வார். அவருக்கு உருது, தமிழ், கன்னடம், தெலுங்கு நாலும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும் கிடையாது. அதனால் பெட்டிக்குள் வரும் கதைச் சுருக்க நோட்டீஸை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் வாசலுக்குப் போவார். அங்கே சென்னப்பன் சாய்வுப் பெட்டியின் மேல் காகிதம் வைத்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய அகராதி ஒன்று அவரிடம் உண்டு.

"அண்ணா, மிஸ்ஃபிட்ஸ்னா என்னாங்க? இதுல அஞ்சு மிஸ்ஃபிட்ஸ் ராக்கெட்ல போறாங்கன்னு போட்டிருக்காம்."

சென்னப்பன் அன்றைக்கு அகராதியைத் திறக்கவில்லை. "அன்ஃபிட்னு வெச்சுக்கங்க பாய். மெடிக்கல்ல கழிச்சு உட்டவங்க."

அன்ஃபிட் என்ற வார்த்தையை அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிழித்துப் போட்டால்கூட வீட்டுக்குள்ளேயே கிடக்கும் வார்த்தை அது. தீர்த்தகிரி போலீஸ் வேலைக்குப் போனான், மூச்சை இழுத்தால் மார்பு அரை அங்குலம் விரிய மறுத்தது, அன்ஃபிட். குள்ளம்மாள் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கேட்டாள், கையில் வெண்புள்ளி இருந்தது, அன்ஃபிட். நூர் பாஷாவுக்கு ஒரு கால் குட்டை, மாதுவுக்குக் காது கேட்காது, இருவரும் அன்ஃபிட். இந்த நாலு பேருக்காகவும் பதினோரு மனு எழுதியிருந்தார் சென்னப்பன். கார்பன் நகல்கள் தேதி வாரியாக இருக்கின்றன. பதில் ஒன்றுக்கும் வரவில்லை.

அந்த மேட்னியில் மூன்றாவது ரீல் ஓடும்போது, வெள்ளிக் கப்பலின் கதவு திறந்தது. உள்ளே ஐந்து இருக்கை. கப்பல் தலைவன் வெளியே நின்று ஏதோ பேசினான். அவன் என்ன பேசினான் என்பது இன்றுவரை தெரியாது. ரஷீத் சொன்னது இதுதான். "பூமியில அன்ஃபிட்டுன்னு கழிச்சவங்களுக்குத்தான் இங்க வேலை. அன்ஃபிட் ஆனவங்க யாராரோ வெரசா எந்திரிச்சு வாங்க, கப்பல் கெளம்புது!" முதலில் தீர்த்தகிரி எழுந்தான். பிறகு நூர் பாஷா விந்திக்கொண்டு போனான். குள்ளம்மாள் முந்தானையால் கையை மூடிக்கொண்டு போனாள், பாதி வழியில் மூடியதை எடுத்துவிட்டாள். காது கேட்காத மாது மற்றவர்கள் போவதைப் பார்த்துப் போனான். வெள்ளைத் துணியில் காலை வைத்தார்கள், உள்ளே போனார்கள். படத்தின் சொந்த நடிகர்கள் எழுந்து மரியாதையாக ஓரத்தில் நின்றுகொண்டார்கள்.

ஐந்தாவது இருக்கை காலியாக இருந்தது. நாலாவது நாற்காலியில் சென்னப்பனின் முழங்கால் ஒரு முறை நிமிரப் பார்த்தது. நஞ்சம்மாள், "என்னங்க, கால் மரத்துப் போச்சா?" என்றாள். "ஆமா" என்றார். முழங்கால் மடங்கிக்கொண்டது.

அறுபத்தெட்டில் சென்னப்பனுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது போலத்தான் இருந்தது. அந்த வேலையைச் சொல்லித்தான் நஞ்சம்மாளைப் பெண் கேட்டார்கள். கடைசியில் டாக்டர் ஒரு இருட்டறையில் விளக்கு காட்டினார். சிவப்பா பச்சையா என்று கேட்டார். சென்னப்பனுக்கு இரண்டும் ஒரே சாம்பல். அவருக்கும் அன்ஃபிட். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அம்மா ‘என்னை விட்டுப் போகாதே’ என்று அழுதாள், அதனால்தான் வேலையை வேண்டாமென்றேன் என்று கல்யாணமான பத்தாம் நாள் சொன்னார். அம்மா சென்னம்மாள் அருகில்தான் இருந்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். அன்றிலிருந்து பதினோரு வருஷம் நஞ்சம்மாள் மாமியாருக்குச் சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. "புள்ளைய முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்ட மகராசி" என்று ஊரும் பேசியது. எழுபத்தொன்பதில் சாகும்போது கிழவி மகன் காதில், "அது என்னோடவே போவட்டும்டா" என்றாள். போனது. சென்னப்பன் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் முறையாக வைப்பவர் என்று ஊரில் பெயர். நிறம் தெரியாதவன் இடத்தை நம்பித்தான் பிழைக்க முடியும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் முதல் ஊரே டாக்கீஸில் இருந்தது. தீர்த்தகிரி ஒரே மூச்சில் எரிகற்களை ஊதித் தள்ளினான். கனமில்லாத ஆகாயத்தில் நூர் பாஷாவுக்குக் கால் தேவைப்படவில்லை. மீன் மாதிரி திரிந்தான். வெளிச்சமில்லாத இடங்களில் குள்ளம்மாளின் புள்ளிகள் பெட்ரோமாக்ஸ் போல எரிந்தன. ஆகாயத்தில் சத்தமே கிடையாதாம், மாதுவுக்கு அது பழகின ஊர். சைகை பேசி மற்றவர்களை நடத்தினான். குள்ளம்மாளைத் தண்ணீர்ப் பானை தொடவிடாத வீட்டுக்காரர்களே முதல் வரிசையில் உட்கார்ந்து, "எங்க தெரு புள்ளைங்க!" என்று விசில் அடித்தார்கள். அவள் தாய் தீர்த்தம்மாள் மட்டும் கைதட்டவில்லை. தினமும் ஒரு தூக்கில் களி கொண்டுவந்து திரைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள். அடுத்த ஆட்டத்தில் தூக்கு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஆனால் கப்பல் ஒரு வாசலோடு நின்றுவிட்டது. எட்டாவது ரீலில், எதிரியின் கோட்டை வாசலில், சிவப்பும் பச்சையுமாக ஆயிரம் விளக்குகள் மாறி மாறி மினுக்கின. பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது, வழி தெரியவில்லை. "கலர் பிரிச்சுப் பாக்கற கண்ணை இது ஏமாத்துதுங்க. கலர் தெரியாத ஒருத்தன் வேணுமாம்" என்றார் ரஷீத். நாலு பேரும் எழுந்து நின்று கொட்டகைக்குள் பார்த்தார்கள். அவர்கள் பேசினால் குரல் வெளியே வராது. குள்ளம்மாள் ஐந்து விரலைக் காட்டி, ஒன்றை மடக்கினாள்.

நாலாவது நாற்காலியிலிருந்து பார்த்தால் அங்கே விளக்கே இல்லை. சாம்பல் நிறச் சுவர், அதன் இடது ஓரத்தில் மாட்டுவண்டித் தடம் போல ஒரு வழி. இவ்வளவு பெரிய வழி யாருக்கும் தெரியவில்லையா என்று சென்னப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறந்தால் போதும். திறந்தால் அம்மா வெளியே வருவாள், பதினோரு வருஷமும் வெளியே வரும்.

ஐந்தாவது ஆள் யாரென்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பட்டியல். நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அதே இடத்தில் உட்காரவைத்து, ரஷீத் கையில் இரண்டு மிளகாயோடு வரிசையாகப் போனார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பழுத்த மிளகாய் அழுகிவிடும், வற்றலே வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் சென்னப்பன். அவர் முறை வந்தபோது விரலால் தொட்டார். சுருங்கிச் சலசலத்தது சிவப்பு, வழவழப்பாக இருந்தது பச்சை. "பாஸ்!" என்றார் ரஷீத். பக்கத்தில் நஞ்சம்மாள் சிரித்தாள், மற்றவர்களும் சிரித்ததால் அது தனியாகத் தெரியவில்லை.

நாற்பத்தாறு நாள் கப்பல் வாசலில் நின்றது. ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. "ஏம்ப்பா, போறதுன்னா போங்க, இல்லாட்டி எறங்கி வாங்க!" என்று தரையிலிருந்து கத்தினார்கள். சேலத்திலிருந்து பெட்டியைக் கேட்டுத் தந்தி மேல் தந்தி வந்தது. ரஷீத் மைக்கில், வேறு யாரும் இல்லை, நீங்களே கிளம்புங்கள் என்று சொல்லிப் பார்த்தார். குள்ளம்மாள் மாட்டோமென்று தலையை ஆட்டி, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். எழுதிக் கொடுக்கச் சொன்னாள். காகிதத்தால் வெளியே தள்ளப்பட்டவர்கள் காகிதத்தை மட்டும்தான் நம்புவார்கள்.

பிற்பாடு சேலத்தில் படம் பார்த்தவர்கள் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கப்பல் வலது பக்கமாக நுழைந்து சுவரில் மோதியதாம். கோட்டையைப் பிடித்துவிட்டார்கள், உலகத்தையும் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் இரண்டு இருக்கை காலி; மாது இல்லை. ஈரோட்டிலும் அப்படித்தான், எண்பத்தொன்பதில் பிரிண்ட் தேய்ந்து போகும்வரை எல்லா ஊரிலும் அப்படித்தான்.

ஊரார் சொல்ல, சென்னப்பன் எழுதிய கடிதம் நாலே வரி. "வணக்கம். கம்பைநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உங்களைத் தவிர அன்ஃபிட் ஆனவர் ஒருவரும் இல்லை என்பதை முறைப்படி சோதித்து அறிந்தோம். ஆகையால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். உண்மை நகல்." பதினோரு மனுவுக்கு வராத பதிலை, பன்னிரண்டாவதாக அவரே எழுதிவிட்டார் என்று கையெழுத்துப் போடும்போது தோன்றியது. மையொற்றும் தாளை அழுத்தமாக ஒற்றினார்.

மொரப்பூர் ஸ்டேஷனில், பார்சல் ஆபீஸ் முன்னால், படப்பெட்டியை இறக்கி வைத்தார்கள். சந்தைக்கென்று நஞ்சம்மாளும் கூட வந்திருந்தாள். சென்னப்பன் எழுதுபெட்டியைத் திறந்து, அரக்கு டப்பாவில் எப்போதும் போல இடது பக்கத்துக் குச்சியை எடுத்தார். தீக்குச்சி கிழித்து உருக்கி, உறையின் மடிப்பில் சொட்டவிட்டு, முத்திரையை அழுத்தினார்.

ரஷீத் குனிந்து பார்த்தார். "என்னண்ணா, பச்சை அரக்கு? எல்லாத்துக்கும் செகப்புதான வெப்பீங்க?"

சென்னப்பனின் கை முத்திரை மேலேயே நின்றது. டப்பாவை நேற்றுத் துடைத்து வைத்தது நஞ்சம்மாள். ரஷீத் உறையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மிளகாய் நினைவுக்கு வந்தவர் போல மெல்ல வாயைத் திறந்தார்.

"எங்க வூட்ல செகப்பு தீந்து போச்சுங்க பாய்" என்றாள் நஞ்சம்மாள். "பதினாறு வருசமாச்சு தீந்து. அவரு சொல்லமாட்டாரு."

டப்பாவில் இன்னொரு குச்சி முழுசாகக் கிடந்ததை மூவரும் பார்த்தார்கள். ரஷீத் உறையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கூலியாட்கள் அதைத் தூக்கிப் பார்சல் வண்டியில் ஏற்றினார்கள். உள்ளே யாரோ நாலு பேர் நகர்ந்து உட்காருவது போலப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. கடைசிப் பெட்டியில் கார்டு ஒரு சாம்பல் கொடியை எடுத்து அசைத்தார்.

"பச்சைங்க" என்றாள் நஞ்சம்மாள், புருஷன் பக்கம் திரும்பாமல். ரயில் நகர்ந்தது.