விலகல் பதிவு செய்யப்பட்டது

என் மகளுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்தது காலை பத்து மணிக்கு. அதை நான் தொலைத்தது பத்து நாற்பதுக்கு.

குழாய், வால்வு, வாஷர் என்று இருபத்தாறு வருடமாக மொத்த வியாபாரம் செய்கிறேன். சந்தையில் எனக்கு 'பாதிவிலை' என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் முகத்தைச் சுளித்து, "கட்டாது" என்று எழுந்துவிடுவேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாதவனை நான் பார்த்ததில்லை.

எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே சேர்க்கை மையம். பிள்ளைகள் தங்கள் விருப்பங்களை வரிசையாகக் கணினியில் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து மையம் ஓர் இடத்தை நீட்டும். மகள் முதலாவதாகக் கேட்டது உள்ளூர்க் கல்லூரி. கிடைத்தது மூன்றாவதாகக் கேட்டது, ரயிலில் ஒன்பது மணி நேரம். அவளுக்கு அதுவே சொர்க்கம். துள்ளிக் குதித்துவிட்டு, சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க ஓடினாள்.

"வந்து நானே ஓகே கொடுத்துக்கறேன். தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கணினி திறந்தே கிடந்தது. திரையில் மூன்று பொத்தான்கள். 'ஏற்கிறேன்.' 'ஏற்றுக்கொண்டு, மேல் விருப்பத்துக்கும் காத்திருக்கிறேன்.' 'மறுக்கிறேன்.' புத்தியுள்ளவன் நடுவில் இருப்பதைத்தான் அழுத்துவான் என்று இப்போது ஊரே எனக்குப் பாடம் நடத்துகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சரக்கைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டே எவனாவது பேரம் பேசுவானா? போன வருடம் மச்சான் மகன் முதல் சுற்றில் மறுத்து, இரண்டாம் சுற்றில் கேட்ட கல்லூரியையே வாங்கினானே! மறுத்தேன். உறுதி செய்யும் எண் என் கைப்பேசிக்குத்தான் வந்தது. 'புதிய விதிகளைப் படித்தேன்' என்ற கட்டத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல் டிக் போட்டேன்.

அந்தப் புதிய விதி இதுதான்: இந்த வருடத்திலிருந்து முதல் சுற்றில் மறுத்தவருக்கு அடுத்த சுற்றே கிடையாது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள். 'உங்கள் விலகல் பதிவு செய்யப்பட்டது.'

"அப்பா, என்னப்பா இது?"

"சும்மா ஒரு பிகு பண்ணி வெச்சிருக்கேன். கூப்பிடுவாங்க பாரு."

"யாருப்பா கூப்பிடுவாங்க? கம்ப்யூட்டரா?"

ஜெராக்ஸ் தாள்கள் தரையில் சிதறின. அவற்றை அவள் பொறுக்கவில்லை. சமையலறையிலிருந்து ஓடிவந்த என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

உதவி எண்ணில் ஒன்றரை மணி நேரம் இசை கேட்டோம். பிறகு மையத்தின் அலுவலகத்துக்கே ஓடினோம். எங்கள் டோக்கனைக் கூப்பிடும்போது மணி நாலு முப்பத்தைந்து. ஐந்துக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஓர் அம்மாள் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

"இன்னிக்கு இது பதினேழாவது சின்னத் தப்பு."

"கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க. உள்ளூர்க் காலேஜெல்லாம் வேணாம். அந்த மூணாவதே போதும்."

"நீங்க இறங்கி வர்றதுக்கு இது கடையில்ல சார். விலகினா விலகினதுதான்."

"அப்படின்னா சரி" என்று பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். நாலு எட்டு வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிடும் குரல்.

"உக்காருங்கப்பா!" மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கவுன்ட்டர் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "மேடம், நான் மறுக்கவே இல்ல மேடம். நான் வீட்லகூட இல்ல."

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அப்போ யாரு அழுத்தினது?"

"நான்தான்" என்றேன்.

"பொண்ணு சொல்லியா?"

"தொடாதீங்கன்னு சொன்னா."

இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் வந்தது. அனுமதியில்லாமல் கணக்கைப் பயன்படுத்தியவர் மீது மாணவர் கொடுக்கும் புகார். அன்றைக்கே கொடுத்தால், விசாரணை முடியும்வரை இடத்தை யாருக்கும் தராமல் நிறுத்தி வைப்பார்களாம்.

"உங்க அப்பா மேலதான்மா புகார். நகல் போலீசுக்கும் போகும். யோசிச்சு எழுது."

"எழுதும்மா, அப்பா இருக்கேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஒரு பேச்சுக்காவது "வேணாம்பா" என்பாள், நான் வற்புறுத்துவேன், அவள் அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். நான் வாயை மூடுவதற்குள் என் பெயர், வயது, தொழில் மூன்றையும் எழுதி முடித்திருந்தாள். 'உறவு' என்ற இடத்தில் மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. மணியைப் பார்த்தாள். எழுதினாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு முத்திரை விழுந்தது.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை" என்றார் அம்மாள். "இவர்தான் செஞ்சார்னு உறுதியானா இடம் திரும்பி வரும். அப்பாவும் பொண்ணும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தோணிச்சுன்னா, அவ்வளவுதான்."

ஆக, நான் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும். எவனாவது இரக்கப்பட்டு என்னை விட்டுத் தொலைத்துவிடுவானோ என்பதுதான் இப்போது என் கவலை.

பேருந்து நிறுத்தத்தில் மகள் எனக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"அங்க வந்து உங்க வாய்ச்சாலகத்தைக் காட்டாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். இப்போ நான்தான் ஆபீசர். நீங்கதான் மறுத்தீங்களா?"

"ஆமா. ஆனா போன வருஷம்..."

"ஆனா வேணாம்பா! மறுபடியும். நீங்கதான் மறுத்தீங்களா?"

"ஆமா."

"தொடாதீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்களா?"

"சொன்னா."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

பேருந்து வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கப்பா. ஏன் தொட்டீங்க?"

இந்த முறை அவள் அதிகாரியாகக் கேட்கவில்லை.