முதல் பாடம்: கார்டை மேசைமேல் வை

கிளாஸ்கோவின் கிழக்கு அடுக்ககங்களில் வாழும் பெண்களுக்கு வாரச் செலவைத் திட்டமிடக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கு நான்கு வாரப் பயிற்சி ஒன்றைத் தயாரித்துக் கொடு என்று நகராட்சி என்னிடம் சொன்னது. நானும் அங்கே பிறந்தவள்தான். ஆனால் பதினைந்து வருடம் அலுவலக நாற்காலியைத் தேய்த்ததில் மண்டை மழுங்கிப்போயிருந்தது. பாடத்தோடு ஆபத்துப் படிவமும் நிரப்ப வேண்டும். 'அடுக்கிய நாற்காலிகள் சரியலாம். டீ பாய்லர் சுடும். வேறு ஆபத்து இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் செவ்வாய்க்கிழமை மாலை, சமூகக் கூடத்தில் ஒன்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் பேங்க் கார்டை எடுத்து மேசைமேல வைங்க" என்றேன்.

ஒரு கார்டுகூட வரவில்லை.

"என்ன, மறந்துட்டீங்களா? நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தேனே!"

செங்கா சிரித்தாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவள். முதுகு வளைந்துவிட்டது, வாய் வளையவில்லை. "ஏண்டி ரோனா, நீ எந்த ஊருடி? எங்க கார்டெல்லாம் ஹேடோவோட பிஸ்கட் டப்பாவுல இருக்கு. ரகசிய நம்பரும் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கான்."

ஹேடோ வட்டிக்காரன். கடன் கொடுக்கும்போதே கார்டைப் பிடுங்கிக்கொள்வான். செவ்வாய்தோறும் காலையில் அரசாங்க உதவித்தொகை விழுந்ததும் ஏ.டி.எம்.மில் வரிசையாகச் செருகி எடுத்து, மிச்சத்தை அவர்களிடம் நீட்டுவான். செங்கா வாங்கியது இருநூறு பவுண்டு. நாலு வருடமாக அவள் தன் பணத்தைத் தன் கையால் எடுத்ததில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே புதிதாக எழுதினேன். பேங்குக்குப் போன் போடு. கார்டு என் கையில் இல்லை, நிறுத்திவிடு என்று சொல். புது கார்டு, புது நம்பர். நம்பரை யாரிடமும் சொல்லாதே, பெற்ற பிள்ளையிடம்கூட. ஒன்பது பேரும் என் முன்னாலேயே பேசினார்கள்.

"அவன் சும்மா இருப்பானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போலீஸ் எதுக்கு இருக்கு?" என்றேன். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

அடுத்த செவ்வாய் மாலை ஒன்பது புது கார்டும் மேசைமேல் இருந்தன. கதவை உதைத்துக்கொண்டு ஹேடோ வந்தான். ஒரு கையில் டப்பா, மறு கையில் சுத்தியல். செத்த கார்டுகளைத் தரையில் கொட்டினான்.

"காலைல மெஷின் முன்னால என்னைக் கோமாளியாக்கிட்டீங்கல்ல? எல்லாத்தையும் இந்தப் பக்கம் தள்ளுங்கடி."

எட்டுக் கைகள் தள்ளின. செங்கா மட்டும் தன்னுடையதை எடுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"கையைத் தொற, கிழவி."

"உங்கொப்பன் சம்பாதிச்சதாடா இது?"

மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தினான். சுத்தியல் இறங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம். செங்கா அலறினாள், கையைத் திறக்கவில்லை. மறுபடி அடித்தான். திறக்கவில்லை. நான் அவன் தோளில் பாய்ந்து தொங்கினேன். முழங்கையால் இடித்தான், என் முன்பற்கள் இரண்டு தெறித்து விழுந்தன. மூன்றாம் முறை ஓங்கினான். பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த டீ பாய்லரை இரண்டு கையாலும் தூக்கி அவன்மேல் கவிழ்த்தேன்.

அவன் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். கண் தெரியாமல் தடுமாறியவனை எட்டுப் பெண்களும் நாற்காலிகளால் அடித்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. போலீஸ் வந்து நாற்காலிக் குவியலை விலக்கியபோது அடியில் முனகிக்கொண்டு கிடந்தான்.

செங்காவுக்கு மூன்று விரல்கள் போயின. நான் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு அவள் விரலைக் கொடுத்தாள். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஹேடோ காவலில் இருந்த அடுத்த செவ்வாய், மழையில் அவளோடு ஏ.டி.எம்.முக்குப் போனேன். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் கார்டைச் செருகுவதற்குள் இரண்டு முறை கீழே விழுந்தது.

"நம்பரைச் சொல்லுக்கா, நான் அடிக்கிறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பொத்தான்களை மறைத்தாள்.

"அந்தப் பக்கம் திரும்புடி."

திரும்பிக்கொண்டேன். பின்னால் நான்கு பொத்தான்கள், மெதுவாக, ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன.