பட்டிச் சாம்பல்

காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து நான் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது லேபிலிருந்து ராமசேஷன் வந்தார். முழங்கை வரை ரப்பர் கையுறை, மூக்கில் கைக்குட்டை. உலை வாயருகே குவிந்திருந்த சாம்பலில் ஒரு சிட்டிகையை நீளக் கரண்டியால் அள்ளி, கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடியை இறுகத் திருகினார். அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே சாம்பலை நான் வெறுங்கையால் வாரிப் போட்டிருந்தேன்.

"எதுக்கு சார் கையுறை?"

"பாஷாணம் இருக்கேப்பா இதுல. கையால தொடலாமோ?"

"எட்டு மாசமா தொடுதோம்."

அவர் என் கையைப் பார்த்தார். "லேப்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கோமே, பாக்கலையா?"

லேபுக்குள் எங்களை விடமாட்டார்கள். அதற்கும் வாசலில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. அதைப் படித்திருக்கிறேன்.

செம்பூரைத் தாண்டி, மாஹுல் போகிற வழியில் இருக்கிறது அந்த இடம். மூடிப்போன சாயக் கம்பெனி தன் கழிவையெல்லாம் குழி குழியாகக் கொட்டி வைத்திருந்தது. நிலத்தை வாங்கியவர்கள் அதை எரித்துத் தீர்க்க ஓர் உலை கட்டினார்கள். நாங்கள் பட்டி என்போம். கறுப்புக் குழம்பை வெட்டி, மரத்தூள் கலந்து, மண்வெட்டி மண்வெட்டியாக உள்ளே எறியவேண்டும். சூடு பார்க்கக் கருவி கிடையாது, ஒரு துளையும் என் கண்ணும்தான். தீ சிவந்தால் புகை தொண்டையை அறுக்கும். அது மஞ்சளாகி வெளுக்கும்வரை காற்றைத் திறந்துவிட வேண்டும். எட்டு நாளைக்கு ஒருமுறை அணைப்போம். முழுக்க ஆறுவதற்குள், நனைத்த சாக்கைத் தலையில் போட்டு நான் உள்ளே தவழ்ந்து போவேன். கடப்பாரையால் கட்டிகளை உடைத்து, உலையின் அடியில் வளைந்துபோன கம்பிகளை மாற்றுவேன். மிஞ்சுவது அரிசி மாவு போல ஒரு சாம்பல். எங்கே கொட்ட என்று கேட்டதற்கு, எங்கேயாவது கொட்டு என்றார்கள்.

நான் தாராவியில் கொட்டினேன்.

எங்கள் சந்தில் எல்லோரும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாறியிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கச் சாம்பல் கிடையாது. கரிச்சாம்பல் கீறல் போடும். என் அக்கா அன்னமேரிக்கு ஒரு பை கொண்டுபோனேன். பித்தளைக் குடம் பொன்னாக மாறியது. ஒரே வாரத்தில் சந்துப் பெண்கள் டப்பாவோடு வந்து நின்றார்கள். அதுவரை நான் ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டவன், பகலெல்லாம் தூங்குகிறவன். அதன் பிறகு என் பேரைச் சொல்லி "சூச வந்தாச்சா?" என்று விசாரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று காலை பஸ்ஸில் வரும்போது எங்கள் சந்துப் பேராச்சியின் மகளைத்தான் நினைத்தேன். பிச்சம்மாளுக்கு மூன்று வயது. இரண்டு மாதமாக வாந்தி. சயான் ஆஸ்பத்திரியில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். பேராச்சி காய்ச்சிக் கொடுத்தாள், என் சாம்பலால் தேய்த்த சட்டியில்.

அக்காவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்பம் வாய மூடிட்டுப் படு. இனிமே கொண்டாராத, அம்புட்டுதான். நீ குடுத்ததுதான் காரணம்னு தெரிஞ்சா பேராச்சி வீட்டுக்காரன் உன்ன வெட்டிப் போட்டுருவான்."

டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிவைத்து சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். எங்கள் வீட்டுப் பாத்திரங்களை மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராமசேஷன் கையுறையோடு குப்பியை மூடிய விதமும் இப்படித்தான் இருந்தது. எழுந்து குழாயடிக்குப் போனேன்.

"அந்தச் சாம்பல்ல விஷம் இருக்கு. எல்லாரும் தூரப் போடுங்க."

பேராச்சி சட்டி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எட்டு மாசமா இல்லாத விஷம் இன்னைக்கு எங்கேருந்துல வந்துச்சு?"

"வேற எவளுக்கோ குடுக்கப் போறான்ட்டி" என்றாள் முருகம்மாள். "மாதுங்காக்காரி எவளாவது பல்லக் காட்டியிருப்பா."

குழாயடியே சிரித்தது.

"உம் மவ வாந்தி எடுக்கது இதாலதாங்க்கா."

சிரிப்பு நின்றது. பேராச்சி நிமிர்ந்தாள். "எம் புள்ளைக்கு நானே விஷம் வச்சேங்கியா?"

"நீ இல்ல. நான்."

அவள் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. குழாய்த் திட்டின் மேலிருந்த டப்பாவுக்குள் விரலை விட்டாள். வெள்ளையாகச் சாம்பல் ஒட்டிய விரலை வாயில் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "ஏய், பொம்பள மேலருந்து கைய எடுல!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். என் சட்டைக் காலர் இறுகியது. இழுத்த இழுப்பில் அவள் கை என் பிடியிலிருந்து நழுவிப் போனது. அவள் விடாமல் தேய்த்தாள், மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய் வரை. சாம்பல் நுரை மோவாயில் வழிந்தது.

"செத்தனா? பாருங்கட்டி, செத்தனா நான்?"

ஈரத்தில் பல் அத்தனையும் பளபளத்தது. அவள் சேலையைப் பிடித்து நின்ற பிச்சம்மாள் அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு தன் சுட்டு விரலை நீட்டிக்கொண்டு, டப்பாவுக்கு எட்டும்படி குதிகாலை உயர்த்தினாள்.