வால் இல்லாத துணி

காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தாலும், எழுந்து போய் இன்னொரு தடவை திருகிப் பார்க்கிற ஆள் அவன். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பான். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொங்குவான். அவன் மனைவிக்கு அது சிரிப்பு. அவளுடைய அண்ணனுக்கு எரிச்சல்.

மூன்று பேரும் ஒரே பட்டறையில்தான் பாடுபட்டார்கள். சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கிற எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ கழற்றி வந்த பெரிய எஞ்சினை அந்த இடத்தில் உட்கார வைப்பது தொழில். வெட்டி ஒட்டி உட்கார வைப்பவர் மச்சான், வெல்டர். தண்ணீர் ஓடுகிற வழி முழுக்க இவன் பொறுப்பு. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ரப்பர் ஹோஸ், அதை இறுக்குகிற கிளாம்ப். அதனால் எல்லோருக்கும் இவன் ஹோஸ்காரன். வேலை முடிந்த காரை வெளியே எடுத்துப்போய் விரட்டிப் பார்ப்பது அவள்.

மச்சான் வேலை முடிகிற இடத்தில்தான் ஹோஸ்காரனுக்குத் தலைவலி ஆரம்பம். அந்த எஞ்சின் அந்தக் காரில் இருக்க வேண்டியதே இல்லை. அப்புறம் அதற்கென்று ஹோஸ் யார் செய்து வைத்திருப்பான்? ஒரு கம்பியை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வளைத்து வளைத்து வழி பிடிப்பான். அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய், தொங்குகிற ஹோஸ் ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்ப்பான். வேன் ஹோஸில் ஒரு வளைவு, லாரி ஹோஸில் ஒரு வளைவு, நடுவே ஒரு அலுமினியக் குழாய் என்று சேர்த்தால்தான் ஒரு வழி பிறக்கும்.

இந்தக் கார் வெளி ஆள் கார் இல்லை. அவளுக்காகச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவள் ஓட்டப்போகிற கார்.

எஞ்சின் மாற்றும்போது திறந்து கிடக்கிற வாய்களில் எல்லாம் துணி அடைத்து வைக்க வேண்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் கதை முடிந்தது. வீட்டு ஜன்னலில் வெளுத்துப்போன ஆரஞ்சுத் திரையைக் கிழித்து அதற்கென்றே வைத்திருந்தான். ஒரு முழ வால் வெளியே தொங்க வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். வால் தெரிந்தால் துணி இருக்கிறது. தெரியாவிட்டால் வழி திறந்திருக்கிறது. எடுத்த துணி நேராகச் சுவரில் அதனதன் ஆணிக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். அதற்கு முன்னால் சாவி தரமாட்டான்.

அன்று மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மலைப்பாதையில் ஒரு சுற்று போய்வர வேண்டும் என்று அவள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றவில்லை. ஹோஸ்காரன் ஒவ்வொரு கிளாம்பாகத் தடவிக்கொண்டே வந்தான்.

"ஏங்க, அது காரா, கைக்குழந்தையா? எத்தனை வாட்டிதான் தடவுவீங்க?"

"ஃபேன் வரட்டும்."

"சூடே ஏறலைன்னா அது எங்கேருந்து வரும்? நல்லா வேலை செஞ்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

"விடும்மா," என்றார் வெல்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி. "கல்யாணத்தன்னைக்கே உன் செருப்பு வார் நல்லா இருக்கான்னு குனிஞ்சு பாத்தவன் இவன். இன்னைக்கா மாறப்போறான்?"

பக்கத்துக் கடைப் பெயின்டர்வரை சிரித்தான். ஹோஸ்காரனும் சிரித்தான், காது மட்டும் சுட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, பானட்டை அறைந்து மூடினான்.

"எடுத்துட்டுப் போ."

அவள் ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

கார் சத்தம் மறைந்ததும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்பேனரை எடுத்தான், வைத்தான். வாசலுக்குப் போய்விட்டு வந்தான். டீயை வாங்கி ஆறவிட்டான். அப்போது போன் அடித்தது.

"மலை அடிவாரத்துல பெட்ரோல் போட நிறுத்தினேன்," என்றாள். குரலில் துள்ளல். "என்னமா இழுக்குது தெரியுமா! சூடு காட்டற முள்ளு நகரவே இல்லைங்க. ஜில்லுனு அடியிலேயே படுத்துக் கிடக்கு. கை குடுங்க உங்களுக்கு. சரி, ஏறப்போறேன், மேல சிக்னல் இருக்காது."

வைத்துவிட்டாள். வெல்டர் பல்லைக் காட்டினார். "கேட்டியா மாப்ளே? சும்மா பயந்து சாகறே."

ஹோஸ்காரனும் பல்லைக் காட்டப் போனான். முடியவில்லை. நகரவே இல்லையா? பாதிவரைக்காவது ஏறியிருக்க வேண்டுமே. பெரிய எஞ்சின், விரட்டி ஓட்டியிருக்கிறாள், அடிவாரம் பக்கத்திலும் இல்லை.

பழைய காரின் முள்ளுக்குப் புது எஞ்சினின் சென்சார் ஒத்துவரவில்லை. அதனால் பழைய சென்சாரையே மேல் ஹோஸின் நடுவில் ஒரு துண்டுக் குழாய் வைத்துப் பொருத்தியிருந்தான். சுடுதண்ணீர் அந்த வழியாக ஓடினால்தான் முள்ளுக்குச் சேதி போகும். ஓடவில்லையென்றால் எஞ்சின் வெந்தாலும் முள்ளும் ஃபேனும் தூங்கிக்கொண்டிருக்கும்.

திரும்பிச் சுவரைப் பார்த்தான். ஆரஞ்சுத் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஓர் ஆணி காலி.

மேசைக்கு அடியில், குப்பை டின்னில், தன் சட்டைப்பையில்கூடத் தேடினான். வெல்டிங் மேசைக்குக் கீழே இரும்புத் தூளோடு கிடந்தது ஒரு முழ ஆரஞ்சு. ஒரு முனை கருகியிருந்தது. மறுமுனை கத்தரியால் வெட்டிய நேர்க்கோடு.

"மச்சான், இது என்ன?"

"அதா? வால். பிராக்கெட் ஒட்டறப்போ பொறி பட்டுப் புகைஞ்சுது. பெட்ரோல் லைன் பக்கத்துல வேற, பத்திக்கிச்சுன்னா? வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை விரலால உள்ளே தள்ளினேன்."

"எதுக்குள்ளே?"

வெல்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பம்புக்குப் போற கீழ் வாய்."

"என்கிட்ட ஏன்யா சொல்லலே?" மச்சான் என்ற மரியாதை அந்த நொடியில் பறந்துவிட்டது. "வால் தெரியலேன்னு நான் ஹோஸை மாட்டிட்டேன்யா!"

போன் போட்டான். மணியே போகவில்லை. தண்ணீர்க் கேன்களைச் சரக்கு வண்டியில் வீசிவிட்டு இருவரும் ஏறினார்கள். வெல்டர் ஓட்டினார். மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு டேங்கர் லாரி நத்தையாக ஊர்ந்தது.

"ஏறுங்க, தாண்டுங்க!"

"எதிர்ல வண்டி வருதுடா. போய்ச் சேர வேணாமா?"

ஹோஸ்காரனின் முழங்கால் தானாக ஆடியது. எஞ்சின் போனால் போகட்டும். எஞ்சினிலிருந்து நேராக ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸும் டேஷ்போர்டுக்கு அடியில், அவள் வலது காலுக்கு மேலேதான் போகின்றன. வேறு வழி கிடைக்காமல் அவனேதான் அப்படி இழுத்தான். அழுத்தம் ஏறி அதில் ஒன்று வெடித்தால், கொதிக்கிற தண்ணீர் பெடலில் இருக்கிற காலின் மேல் கொட்டும். அதுவும் ஒரு வளைவில். அவன் முன்னங்கையில் பழைய வெந்த தழும்பு ஒன்று உண்டு. ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திறந்தபோது வாங்கியது. அதையே தேய்த்துக்கொண்டு வந்தான்.

"நான்தான் அவளை அனுப்பினேன்," என்றான்.

"நான் கிண்டல் பண்ணாம இருந்திருந்தா நீ அனுப்பியிருக்க மாட்டே." வெல்டர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்போ அந்தக் காலை ஆட்டாம உக்காரு. எனக்குப் பதறுது."

ஒவ்வொரு வளைவிலும் அவன் சறுக்கிய டயர் தடத்தைத் தேடினான். நாலைந்து வளைவுக்கு மேலே, பாதை ஓரத் தடுப்புச் சுவரை ஒட்டி அந்தக் கார் நின்றது. பானட் மூடியிருந்தது. இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் மழையில் ஹெல்மெட்டோடு நின்றாள்.

வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தான். முதலில் அவள் காலைத்தான் பார்த்தான்.

"என்ன, செருப்பு வார் நல்லா இருக்கா?" என்றாள்.

"சுட்டுடுச்சா? எங்கேயாவது சுட்டுடுச்சா?"

"ஒண்ணும் இல்லை. மழையில கண்ணாடியில ஆவி மூடிக்கிச்சு. தெளியட்டும்னு ஹீட்டரைப் போட்டேன். அடுப்பைத் திறந்து மூஞ்சிக்கு நேரா காட்டின மாதிரி அடிச்சுது. முள்ளைப் பாத்தா அதே ஜில்லு. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எது பொய்யின்னு எனக்குத் தெரியலே, அணைச்சு ஒதுக்கிட்டேன்."

அவன் நேராகப் போய் பானட்டைத் தூக்கினான். கை ரேடியேட்டர் மூடிக்குப் போயிற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆறட்டும்."

"உள்ளே என்ன ஆச்சுன்னு பாக்கணும்."

"ஆறட்டும்னு சொல்றேன்ல. அந்தக் கையிலே ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

விடவில்லை. அவனைச் சுவர்மேல் உட்காரவைத்துப் பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்தாள். அவன் எழ முயன்றபோதெல்லாம் பிடி இறுகியது. வெல்டர் தூரமாக நின்றுகொண்டார். தங்கச்சி முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

எஞ்சின் தொட முடிகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் கையை விட்டாள். அவன் ஈர ரோட்டில் மல்லாந்து காருக்கடியில் நுழைந்தான். கீழ் ஹோஸைக் கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீர் தோளில் கொட்டியது. விரலை விட்டுத் துழாவினான். ஈரமான, உருண்டுபோன ஆரஞ்சு. பம்பின் வாயை அப்படியே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்," என்றார் வெல்டர்.

"ஆமாண்ணா," என்றாள் அவள். "சொல்லியிருக்கணும்."

ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். எண்ணெய் வெளுக்கவில்லை. தண்ணீர் கலக்கவில்லை. ஹோஸை மாட்டி, கிளாம்பை இறுக்கி, கேன் கேனாக ஊற்றினான். சாவியைத் திருப்பினதும் எஞ்சின் சிணுங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கூடுதலாக ஒரு தட்டல் சத்தம் கேட்கிறதா என்று மூவரும் காதைக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. இனிமேல் கேட்காது என்று சத்தியம் பண்ணவும் முடியாது.

முள் மெல்ல எழுந்தது. பாதிக்கு வந்தது. மூவரும் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்கள். யாரும் கிண்டல் பண்ணவில்லை. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றி, மழைத்துளியை மூவர் முகத்திலும் வாரி அடித்தது.

"அப்பாடா," என்றார் வெல்டர். "கிளம்பலாம். ஏறும்மா."

அவள் நகரவில்லை.

"நிக்கட்டும்ணா. தானா நிக்கணும். அதுவரைக்கும் இருப்போம்."

ஹோஸ்காரன் அதற்குள் குனிந்துவிட்டிருந்தான். அவன் விரல் முதல் கிளாம்பில் இருந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, அவன் தலைமேல் மழை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.